‘நல்லா இருக்கு’க்கு அடுத்து என்ன சொல்வது?

கேள்வி: கோவில்பட்டியில் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறோம். எழுதிக்கொண்டிருக்கும் கதை, கவிதைகளை வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்பதுதான் நோக்கம். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது வருவது ஆறு பேர். ஒருவர் வாசித்து முடித்ததும் ‘அருமை’, ‘நல்லா வந்திருக்கு’ என்று நாலு பேர் சொல்வார்கள். பிறகு எங்கள் மூத்த எழுத்தாளர் ஐயா முக்கால் மணி நேரம் பேசுவார். பேச்சு ரஷ்ய நாவல்களுக்குப் போய்விடும். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கல்லூரி மாணவரின் முதல் கதையை இரண்டு பேர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதன்பின் அந்தத் தம்பி வருவதில்லை. வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். ஒருவர் நாவல் எழுதுகிறார். ஒன்றரை வருடமாக முதல் மூன்று அத்தியாயத்தைத் தாண்டவில்லை. கருவைத் திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னொருவர் எதையும் கொண்டுவருவதே இல்லை. தொடர்வதா, கலைத்துவிடுவதா?
— ஒருங்கிணைப்பாளர், கோவில்பட்டி

பதில்: கலைக்க வேண்டாம். ஆறு பேர் என்பது குறைவு என்று நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். வரைவு வாசிக்கும் குழுவுக்கு ஆறு பேர் சரியான அளவு. எட்டுக்கு மேல் போனால்தான் சிக்கல்.

உங்கள் கடிதத்தில் உள்ள பாதிச் சிக்கல் ஒரே இடத்தில் பிறக்கிறது: எல்லோரும் கதையை முதன்முதலாகக் கூட்டத்தில்தான் கேட்கிறீர்கள். 2,000 சொல் உள்ள ஒரு சிறுகதையை நிதானமாக வாசிக்க இருபது நிமிடமாவது ஆகும். அந்த இருபது நிமிடத்தில் கேட்பவர் மனம் இரண்டு மூன்று முறை வெளியே போய்த் திரும்பும். எங்கே போனது, ஏன் போனது என்று அவருக்கே தெரியாது. முடிந்த கையோடு கருத்துக் கேட்டால், கடைசி இரண்டு பக்கமும் வாசித்தவரின் குரலும்தான் நினைவில் நிற்கும். நல்ல குரல் உள்ளவர் சுமாரான கதையைக் கரையேற்றிவிடுவார். கூச்சத்தோடு வாசிப்பவர் நல்ல கதையைக் கவிழ்த்துவிடுவார். இந்த நிலையில் நாகரிகமான மனிதர் ‘அருமை’ என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? கையில் பிரதி இல்லாமல் நெடுநேரம் பேசக்கூடியவர், நிறையப் படித்தவர் ஒருவர்தான். ஐயா பேசுவது அந்தக் காலி இடத்தில். அவரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை.

ஆகவே முதல் மாற்றம்: கூட்டத்தில் கதை வாசிப்பதை நிறுத்துங்கள். பிரதி ஏழு நாளுக்கு முன்பே எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். உங்கள் கூட்டம் இரண்டாம் ஞாயிறு என்றால், அதற்கு முந்தைய ஞாயிறு இரவு 9 மணி கெடு. திங்கள் காலை வந்த கதைக்கு அந்த மாதம் இடமில்லை. இதில் ஒரு முறை விட்டுக்கொடுத்தால் மூன்றாம் மாதம் சனிக்கிழமை இரவு 11 மணிக்குக் கதை வரத் தொடங்கும். யாரும் படிக்காமல் வருவார்கள். மறுபடி ‘அருமை’யில் போய் நிற்பீர்கள்.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேருடைய எழுத்து போதும். சிறுகதை என்றால் 2,500 சொல்லுக்குள். நீளமாக இருந்தால் அந்த மாதம் அது ஒன்று மட்டும். ஆறு பேர், மாதம் இருவர் என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். ஆண்டு முழுவதற்கும் வரிசையை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ‘இந்த மாதம் யார் கொண்டுவர்றீங்க?’ என்று கேட்கும் குழுவில் எப்போதும் அதே இரண்டு பேர்தான் கொண்டுவருவார்கள்.

பிரதி எப்படி இருக்க வேண்டும் என்பது சில்லறை விஷயமாகத் தோன்றும். இல்லை. ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் ஓரம், பக்க எண், வரி எண். வேர்டில் ‘லேஅவுட்’ பகுதியில் ‘லைன் நம்பர்ஸ்’ என்று இருக்கிறது. அதில் பக்கத்துக்குப் பக்கம் புதிதாக எண் தொடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். 2,000 சொல் கதை இந்த அமைப்பில் பத்துப் பக்கம் போல வரும். அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். வேர்டு கோப்பை ஒருவர் கைபேசியிலும் ஒருவர் கணினியிலும் திறந்தால் வரிகள் இடம் மாறிவிடும். நீங்கள் சொல்லும் 14-ஆம் வரி அவருக்கு 17-ஆம் வரியாக இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்த்து அனுப்பட்டும். மாற்றும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்பது வழக்கம். கைபேசித் திரையில் படித்துக் கருத்துச் சொல்வதைவிட ஜெராக்ஸ் எடுத்துப் பேனாவோடு படிப்பது பல மடங்கு மேல். செலவைக் கொண்டுவருபவர் தலையில் கட்டாமல் பொதுவில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரதியின் தலைப்பக்கத்தில் எழுதியவர் மூன்று வரி எழுத வேண்டும். இது எத்தனையாவது வரைவு? எதைப் பற்றிக் கருத்து வேண்டும்? எதைப் பற்றி இப்போது வேண்டாம்? ‘முதல் வரைவு. பேரன் பாத்திரம் தேவையா என்று சொல்லுங்கள். நடையை இன்னும் தொடவில்லை, அதைப் பற்றி வேண்டாம்’ — இவ்வளவு போதும். உங்கள் மாணவருக்கு நடந்ததில் பெரும்பகுதி இந்த மூன்று வரி இல்லாததால் நடந்தது. முதல் வரைவை அச்சில் வந்த கதையைப் போல எடைபோட்டிருக்கிறார்கள். உப்புப் பார்க்க அடுக்களைக்குக் கூப்பிட்டவர், பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரிப் பேசினால் சமைப்பவர் கரண்டியைப் போட்டுவிட்டுத்தான் போவார். புத்தக விமர்சனம் என்பது இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்காகச் செய்வது. வரைவுக் கருத்து எழுதிக்கொண்டிருக்கிற ஒருவருக்காக மட்டும் செய்வது. உங்கள் அழைப்பில் ‘விமர்சனக் கூட்டம்’ என்று இருந்தால் எடுத்துவிட்டு ‘வரைவு வாசிப்பு’ என்று போடுங்கள். பெயர் மாறினால் பேசுபவர் தோரணையும் கொஞ்சம் மாறும்.

இனி, படிப்பவர் வேலை. வீட்டில் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை பேனா இல்லாமல், ஒரே இருப்பில். இரண்டாம் முறை பேனாவோடு. நான்கு குறி போதும்: பிடித்த இடத்தில் ஓரக்கோடு, தடுக்கிய இடத்தில் நெளிகோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, மனம் விலகிய இடத்தில் ஒரு வட்டம். இவற்றில் வட்டம்தான் விலைமதிப்புள்ளது. ஐந்து பிரதியில் மூன்றில் ஆறாம் பக்கத்தின் நடுவில் வட்டம் இருந்தால், எழுதியவருக்கு வேறு எந்தச் சொற்பொழிவும் தேவையில்லை. கூட்டம் முடிந்ததும் குறி போட்ட பிரதிகளை எழுதியவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

என்ன சொல்வது? கரிசல்காட்டுக் கதை ஒன்றை வைத்துக்கொள்வோம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற பெண் ஒருத்தி, மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காகக் கம்மலை அடகு வைக்கிறாள். அதை எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ‘முடிவு பலவீனமா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் எழுதியவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘கம்மலுக்குப் பதிலா தாலியை வச்சா இன்னும் உருக்கமா இருக்கும்’ என்பது சொல்பவருடைய கதை. அதை அவரே எழுதிக்கொள்ளலாம். ‘ஏழாம் பக்கம் 14-ஆம் வரியில் கம்மலைக் கழற்றுகிறாள். அதுவரைக்கும் அவளிடம் கம்மல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதனால் அந்த இழப்பு என்னைத் தொடவில்லை’ — கருத்து என்றால் இது. இடம் இருக்கிறது, படித்தவருக்கு என்ன நேர்ந்தது என்று இருக்கிறது, காரணம் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும் இல்லை. அது எழுதியவர் பாடு. அவர் இரண்டாம் பக்கத்தில், ஆபீஸ் வாசலில் சக பெண் ஒருத்தி அந்தக் கம்மலைப் பார்த்துக் கேலி செய்வதாக ஒரு வரி சேர்ப்பார். அல்லது கம்மலையே தூக்கிவிட்டு வேறு வழியில் போவார். முடிவில் குறை என்று நாலு பேரும் சொன்ன கதையின் கோளாறு இரண்டாம் பக்கத்தில் இருப்பது மிகச் சாதாரணம். வலி தெரிகிற இடம் ஒன்று, நோய் இருக்கிற இடம் ஒன்று. அதனால்தான் படித்தவர் சொல்லும் இடத்தை நம்ப வேண்டும், அவர் சொல்லும் மருந்தைச் சந்தேகப்பட வேண்டும்.

‘இதையெல்லாம் சொல்ல எங்களுக்குச் சொற்கள் இல்லை’ என்பார்கள். இருக்கின்றன. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கி வைத்துவிட்டார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. அவர் சிறுகதைக்குச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன கம்மல் விவகாரம் அசல் குன்றக் கூறல். அவள் அழுதாள் என்று காட்டிவிட்டு, அடுத்த வரியில் ‘அவள் மனம் வேதனையில் துடித்தது’ என்று எழுதுவது கூறியது கூறல். தமிழ் முதல் வரைவுகளில் இதைவிட அதிகம் தென்படும் குற்றம் வேறில்லை. மூன்றாம் பக்கத்தில் வைகாசியில் நடக்கும் கல்யாணம் ஒன்பதாம் பக்கத்தில் தைக் கல்யாணமாக மாறியிருந்தால் மாறுகொளக் கூறல். அடகுக் கடைக்குப் போகும் வழியில் தெருவின் வரலாற்றை ஒன்றரைப் பக்கம் சொன்னால் மற்றொன்று விரித்தல். கதை ஓடி ஓடி, கடைசியில் மூன்று பத்தி தத்துவத்தில் கரைந்து போனால் சென்று தேய்ந்து இறுதல். இதற்கு இதைவிட நல்ல பெயரை யாரும் இனிமேல் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரு தாளில் பத்தையும் அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். ‘எனக்குப் பிடிக்கல’ என்பதைவிட ‘நாலாம் பக்கத்தில் மற்றொன்று விரித்தல் இருக்கு’ என்று சொல்லும்போது சொல்பவருக்கும் கூச்சம் குறையும், கேட்பவருக்கும் காயம் குறையும்.

சந்திப்பிழையைப் பற்றி ஒரு விதி வேண்டும்: அதைக் கூட்டத்தில் வாய்விட்டுப் பேசக் கூடாது. ஒற்று மிகுமா மிகாதா என்று இரண்டு தமிழாசிரியர்கள் தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும். கதை நடுத்தெருவில் நிற்கும். பிரதியில் திருத்திக் கொடுத்துவிட்டால் போதும். அதுவும் முதல் வரைவில் தேவையில்லை. எப்படியும் வெட்டப்போகிற பத்திக்கு ஒற்றுப் போட்டு என்ன ஆகப் போகிறது? ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: பிழை பொருளை மாற்றிவிட்டால் சொல்லத்தான் வேண்டும்.

வட்டார வழக்கு உங்கள் ஊரில் தவறாமல் எழும் விவகாரம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த உறுப்பினர் ‘இந்தச் சொல் புரியல’ என்பார். ஊர்க்காரர் ‘இது கூடத் தெரியாதா’ என்பார். சொல் புரியாததையும் காட்சி புரியாததையும் பிரித்துக் கேளுங்கள். சொல் தெரியாவிட்டாலும் நடப்பது விளங்கினால் சொல் அப்படியே இருக்கட்டும். காட்சியே பிடிபடாவிட்டால் எழுதியவர் யோசிக்க வேண்டும். இன்னொன்று, எழுத்துக்கூட்டு. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘போயிட்டான்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘போய்ட்டான்’ என்றும் பேசக் கூடாது. பேச்சு வழக்கில் எழுதுபவர் தனக்கென்று ஒரு பக்கப் பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது: அடிக்கடி வரும் முப்பது நாற்பது சொல், அவற்றை எப்படி எழுதுவது என்ற முடிவு. கதைசொல்லியின் மொழியும் பாத்திரத்தின் மொழியும் எங்கே கலக்கின்றன, அது தெரிந்து செய்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

கூட்டம் நடக்கும் முறைக்கு வருவோம். வட்டமாக உட்காருங்கள், மேடை, மைக், தலைமை எதுவும் வேண்டாம். எழுதியவர் தவிர ஐந்து பேர். ஆளுக்கு நான்கு நிமிடம், இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. எழுதியவர் பேசாமல் குறிப்பு எடுப்பார். எல்லோரும் முடித்தபின் பத்து நிமிடம் அவருக்கு: அவர் கேள்வி கேட்கலாம், விளக்கக் கூடாது. ஒரு கதைக்கு அரை மணி நேரம். பிறகு டீ, கூடவே உங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இருக்கும்போது வேறு பலகாரம் தேட வேண்டியதில்லை. டீயை முதல் கதை முடிந்ததும் வையுங்கள். இப்போதுதான் அடி வாங்கியவருக்கு மூச்சுவிட ஒரு கால் மணி நேரம் தேவை. அந்தக் கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் தோளில் கை போட்டுப் பேசுவார். பிறகு இரண்டாம் கதை. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

எழுதியவரை வாய்திறக்க விடாத இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1956-ல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய கூடுகையின் பெயரால் அழைக்கப்படுகிறது; 1968-ல் தொடங்கிய கிளாரியன் எழுத்துப் பட்டறையிலும் இதையே கைக்கொண்டார்கள். ஏன் பேச விடுவதில்லை? பேச விட்டால் அவர் விளக்குவார். ‘அவ ஏன் அப்படிச் செஞ்சான்னா...’ என்று தொடங்குவார். அந்த விளக்கம் கதையில் இல்லை என்பதுதானே புகார்? அச்சில் வந்தபின் ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. முதலில் பேசியவர் கதையின் ஓர் அடிப்படைத் தகவலைத் தவறாகப் புரிந்துகொண்டு, அடுத்தவர்களும் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனால் முழு நேரமும் வீண். அதனால் எழுதியவருக்கு ஒரே ஒரு முறை கையைத் தூக்கித் தகவலைத் திருத்தும் உரிமை கொடுங்கள்: ‘அவர் தம்பி, அண்ணன் இல்லை.’ அவ்வளவுதான்.

பேசும் வரிசையில் இருக்கிறது ஐயா விவகாரத்தின் தீர்வு. நம் ஊரில் பெரியவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ‘ஐயா சொன்னதுதான் என் கருத்தும்’ என்று மூன்று பேர் சொன்னால் உங்களிடம் இருப்பது ஐந்து கருத்து அல்ல, ஒன்று. ஆகவே குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில், மூத்தவர் கடைசியில். இதைக் கூட்டத்தில் விதியாக அறிவிக்காதீர்கள், அவமானமாகப் படும். முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ‘ஐயா, நீங்க முதல்ல பேசிட்டா பசங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்க. அவங்க பேசினதையெல்லாம் கேட்டுட்டுக் கடைசியா நீங்க தொகுத்துச் சொன்னா நல்லா இருக்கும்’ என்று கேளுங்கள். இது தந்திரம் அல்ல, உண்மை. ரஷ்ய நாவல்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வீணாகவும் வேண்டாம்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவருக்கென்று தனியாக ஒரு மணி நேரம், ஒரே ஒரு கதையை எடுத்துப் பேசச் சொல்லுங்கள். கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடந்தால் அதற்கே அந்த உரையைக் கொண்டுபோகலாம். நேரம் பார்க்கும் பொறுப்பைக் குழுவில் வயதில் சின்னவரிடம் கொடுக்காதீர்கள். அவரால் ஐயாவை நிறுத்த முடியாது. கைபேசியில் நான்கு நிமிட மணி வைத்து நடுவில் வையுங்கள். மணி அடித்தால் யாருக்கும் கோபம் வராது.

பெண்கள் ஏன் நின்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை. இருவரிடமும் தனித்தனியாக, முடிந்தால் குழுவில் அவர்களுக்கு நெருக்கமானவர் வழியாகக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நேரம். ஞாயிறு மாலை தொடங்கி, முக்கால் மணிப் பேச்சும் சேர்ந்தால் முடிய எட்டரை ஆகிவிடும். ஞாயிறு காலைக்கு மாற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அன்று காலையில்தான் வீட்டில் கறிக்குழம்பு. சனிக்கிழமை மூன்று முதல் ஐந்து வரை என்று கேட்டுப் பாருங்கள். அல்லது அவர்களையே நேரம் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பெண் ஒருவர் ‘நான்’ என்று தன்மையில் கதை எழுதினால், ‘இது உங்க வீட்டுல நடந்ததா?’ என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார். கேட்டவருக்கு அது சாதாரணப் பேச்சு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு கணவன், மாமியார், காமம், கோபம் எதையும் அவரால் எழுதி அங்கே கொண்டுவர முடியாது. ஆண் எழுதும் குடிகாரக் கதைக்கு இந்தக் கேள்வி வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு வரி விதி போதும், எல்லோருக்கும் பொதுவாக: கதையில் வருவது உண்மையா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, கூட்டத்திலும் சரி, டீக்கடையிலும் சரி. பேசும்போதும் ‘நீங்க இந்த இடத்துல அழுறீங்க’ என்று சொல்லாமல் ‘அந்தப் பாத்திரம் அழுகிறது’ என்றே சொல்லிப் பழகுங்கள். சின்ன ஊரில் இதன் மறுபக்கமும் உண்டு: கதையில் வருபவர் எந்தத் தெரு யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே படித்தது அங்கேயே இருக்க வேண்டும்.

நாவலாசிரியர். மாதம் ஓர் அத்தியாயம் கொண்டுவந்தால் முப்பது அத்தியாயத்துக்கு இரண்டரை வருடம். அதற்குள் முதல் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கே அது மறந்திருக்கும். இன்னும் மோசமானது, ஒவ்வொரு கருத்துக்கும் அவர் திரும்பிப் போய் முதல் அத்தியாயத்தை மாற்றுவது. ஐந்து பேர் சொன்னதற்காக மாற்றி, மாற்றியதை மறுபடி ஐந்து பேரிடம் காட்டினால் அதற்கும் ஐந்து கருத்து வரும். அடித்தளத்தையே மறுபடி மறுபடி தோண்டினால் சுவர் எழும்பாது. அவரிடம் சொல்லுங்கள்: முதல் வரைவு முழுதாக முடியும்வரை குழுவுக்கு எதையும் கொண்டுவர வேண்டாம், அல்லது கொண்டுவந்தாலும் பின்னால் போய்த் திருத்தக் கூடாது. கருத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு முன்னால் போக வேண்டும். நாயகியின் அப்பா உயிரோடு இருக்கக் கூடாது என்று ஆறாம் அத்தியாயத்தில் தோன்றினால், ஏழாம் அத்தியாயத்திலிருந்து அவர் இறந்தவராகவே எழுதட்டும். பழையதை முடிந்தபின் சரிசெய்யலாம். நடுவில் அவருக்கு உதவ வேண்டுமானால் ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தோடு மூன்று அத்தியாயத்தைச் சேர்த்துப் படியுங்கள். அந்த மாதம் வேறு எதுவும் வேண்டாம். குழு பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே நிறுத்தினால் அடுத்து எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்? ‘ஒன்றுமில்லை’ என்று மூன்று பேர் சொன்னால் அவருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. முழு வரைவும் முடிந்தபின் எல்லோரையும் படிக்கச் சொல்ல வேண்டாம். இரண்டு பேர், ஆறு வாரம், ஒரு தனிக் கூட்டம்.

கவிதைக்கு மட்டும் முறை வேறு. அதை வாசித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் எழுதியவர் வாசிக்கக் கூடாது. பிரதி கையில் இருக்க, வேறொருவர் முன்தயாரிப்பு இல்லாமல் வாசிக்கட்டும். சற்று இடைவெளி விட்டு இன்னொருவர் வாசிக்கட்டும். வரி உடைந்த இடத்தில் அந்த இருவரும் எங்கே தடுமாறினார்கள் என்பதை எழுதியவர் குறித்துக்கொள்வார். தன் குரலில் வாசிக்கும்போது அந்தத் தடுமாற்றம் மறைந்துவிடுகிறது. ஒரு முறைக்கு மூன்று கவிதை. உரையாடல் மிகுந்த கதையில் ஒரு பக்கத்துக்கும் இப்படிச் செய்து பார்க்கலாம்.

கருவைத் திருடுவார்கள் என்ற பயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அந்தக் கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆனால் அந்த உரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், கருவுக்கு அல்ல. உச்ச நீதிமன்றம் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே கருவை வைத்து ஆறு பேர் ஆறு கதை எழுதலாம். அந்த ஆறும் ஒன்றைப்போல் ஒன்று இராது என்பது உங்கள் நண்பருக்கு உண்மையான ஆறுதல். சான்று வேண்டுமானால் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே மின்னஞ்சலிலும் அனுப்பி வைக்கட்டும். தேதியோடு பதிவாகி நிற்கும். இத்துடன் இரண்டு ஒழுங்குகள்: பிறர் வரைவை யாருக்கும் முன்னனுப்பக் கூடாது, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றிச் சுருக்கமோ திருத்தமோ கேட்கக் கூடாது. படிக்க நேரமில்லை என்றால் ‘படிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். முகநூலில் வரைவைப் போட்டுக் கருத்துக் கேட்கும் பழக்கம் இருந்தால் அதற்கும் எச்சரிக்கை. பல போட்டிகளும் இதழ்களும் வேறெங்கும் வெளிவராத படைப்பையே கேட்கின்றன. முகநூல் பதிவையும் வெளியீடாகக் கணக்கிடுவோர் உண்டு. ஆறு பேருக்குள் சுற்றும் பிரதி அப்படிக் கருதப்படுவது அரிது. ஆனாலும் அனுப்பும் முன் அந்தந்தப் போட்டியின் விதியைப் படித்துவிடச் சொல்லுங்கள்.

கருத்து வாங்கிப் போனவர் அன்றிரவே உட்கார்ந்து திருத்தக் கூடாது. ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். பிறகு ஐந்து பிரதியையும் பரப்பி வைத்து, ஒரே இடத்தில் மூன்று பேர் குறி போட்டவற்றை முதலில் எடுக்க வேண்டும். அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னது சரியாகவும் இருக்கலாம், அவருடைய ரசனையாகவும் இருக்கலாம். படித்ததும் ‘அட, ஆமாம்’ என்று தோன்றினால் ஏற்கலாம். இருவர் நேரெதிராகச் சொன்ன இடத்தைத் தொட வேண்டாம். அங்கே கதை உயிரோடு இருக்கிறது என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். எல்லோர் சொல்லையும் கேட்டுத் திருத்திய கதை யாருடையதாகவும் இல்லாமல் போய்விடும். ஒரே கதையைக் குழுவுக்கு இரண்டு முறைக்கு மேல் கொண்டுவரவும் வேண்டாம். மூன்றாம் முறை படிப்பவர்கள் கதையைப் படிப்பதில்லை, தாங்கள் சொன்னதைக் கேட்டாரா என்று சரிபார்க்கிறார்கள்.

கடைசியாக அந்த மாணவர். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக வருத்தம் தெரிவிக்காதீர்கள். அது அவரை இன்னொரு முறை எல்லோர் முன்னும் நிறுத்துவதாகும். கடுமையாகப் பேசிய இருவரையும் உடன் அழைத்துப் போகவும் வேண்டாம். நீங்கள் மட்டும் போங்கள். போகும் முன் அவருடைய கதையின் பிரதியை வாங்கி, மேலே சொன்ன நான்கு குறிகளோடு இரண்டு முறை படித்துவிடுங்கள். ஓரக்கோடு போட்ட இடங்களைப் பக்கமும் வரியும் சொல்லிக் காட்டுங்கள். நெளிகோடு போட்டவற்றில் ஒன்றை மட்டும் காட்டுங்கள். ‘திரும்ப வாங்க தம்பி’ என்று உடனே கேட்க வேண்டாம். அடுத்த மாதத்துக்கு வந்திருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றை அவரிடம் கொடுத்து, ‘இதைப் படிச்சு எங்கெங்க மனசு விலகுதுன்னு வட்டம் போட்டுத் தாங்க, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வேணும்’ என்று கேளுங்கள். அது ஐயாவின் கதையாக இருந்தால் இன்னும் நல்லது. ஐயாவிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.